அந்த அறைக்குள் ஏன் போவதில்லை?

கேள்வி: எனக்கு 48 வயது, தூத்துக்குடி பக்கம். மூன்று வருடமாக அஞ்சல் வழியில் இறையியல் படிக்கிறேன். அதிகாலையில் இரண்டு மணி நேரம் ஜெபம், தியானம். அகாப்பே (தன்னையே கொடுக்கும் தேவ அன்பு), ஏரோஸ் (தனக்கு வேண்டியதைத் தேடும் அன்பு) பற்றி இறையியலாளர் நீக்ரென் எழுதியதைப் படித்தபின், மனித அன்பு எல்லாமே சுயநலம், தேவ அன்பு ஒன்றே தூய்மையானது என்று தெளிவாகிவிட்டது. ஆனால் நான் கல்லாகிவிட்டேன் என்கிறாள் மனைவி. அம்மாவுக்கு 79 வயது, மறதி நோய். என்னை இறந்துபோன அப்பா என்று நினைத்துக்கொண்டு "வந்துட்டீங்களா, சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறார். அதனால் கிறிஸ்துமஸுக்குப் பிறகு அந்த அறைக்குள் அவ்வளவாகப் போவதில்லை, மனைவி பார்த்துக்கொள்கிறாள். தாய் தகப்பனை வெறுக்காவிட்டால் சீஷனாக முடியாது என்று லூக்கா 14:26-ல் இயேசுவே சொல்கிறார். தேவனிடம் என் அன்பு வளர்வதை மனைவி தவறாகப் புரிந்துகொள்கிறாளா?

பதில்: தம்பி, உங்கள் மனைவி சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்கு நிறைய வந்திருக்கிறது. ஒருவருக்கு உபவாசக் கூட்டம், இன்னொருவருக்கு ஊழியம், உங்களுக்குத் தத்துவம். எல்லாவற்றிலும் வீட்டுக்குள் யாரோ ஒருவர் படுத்திருப்பார், அவரைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கும். எனக்கு அந்த வரி போதும்.

"அதனால்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைத் திரும்பப் படித்துப் பாருங்கள். நீக்ரெனைப் படித்ததால் நீங்கள் அந்த அறைக்குப் போகாமல் இல்லை. அங்கே படுத்திருப்பவருக்கு உங்களை யாரென்று தெரியவில்லை, அதனால் போவதில்லை. மகனே என்று கூப்பிட்டவரை போய்வந்தீர்கள், கூப்பிடுவது நின்றதும் நீங்களும் நின்றுவிட்டீர்கள். திரும்பக் கிடைத்தால்தான் கொடுப்பேன் என்கிற அன்புக்கு உங்கள் பாடப் புத்தகத்தில் என்ன பெயர்?

சரி, நீக்ரெனுக்கே வருவோம். ஸ்வீடன் நாட்டு லுத்தரன் இறையியலாளர், அந்தப் புத்தகத்தின் முதல் பாகம் 1930-ல் வந்தது. தேவன் மனிதனை நேசிப்பது அவனிடம் ஏதோ தகுதியைக் கண்டு அல்ல, நேசிக்கப்படுவதால்தான் அவனுக்கு மதிப்பே வருகிறது என்கிறார். ஏரோஸ் தனக்கு வேண்டியதைத் தேடி மேலே ஏறும், அகாப்பே கீழே இறங்கி வரும். (எனக்கு அவரோடு முழு உடன்பாடு கிடையாது. அப்படி வெட்டிப் பிரித்தால் தாய் பிள்ளையை ஆசையாய்த் தூக்கிக் கொஞ்சுவதைக்கூடச் சந்தேகப்பட வேண்டியதுதான். இரண்டையும் முழுக்கப் பிரிக்க முடியாது என்று போப் 16-ம் பெனடிக்ட் 2005-ல் தன் முதல் சுற்றுமடலில் எழுதியது எனக்குச் சரியாகப் படுகிறது.) ஆனால் நீக்ரென் கணக்கிலேயே பார்த்தாலும், அதிகாலையில் மன அமைதி தேடி நீங்கள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். இறங்க வேண்டிய இடம் பத்தடி தள்ளி, கதவு சாத்திக் கிடக்கிறது.

லூக்கா வசனத்தைப் பிடித்துக்கொண்ட நீங்கள் மத்தேயு 10:37-ஐ ஏன் விட்டீர்கள்? "என்னிலும் அதிகமாய்" நேசிப்பதைப் பற்றி அங்கே தெளிவாகவே இருக்கிறது. மாற்கு 7-ம் அதிகாரத்தையும் எடுங்கள். பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவியவர்களை இயேசு எப்படி விளாசுகிறார் பாருங்கள். உங்கள் இரண்டு மணி நேரத்துக்கு நான் வைக்கும் பெயரும் அதுதான்.

இது ஏதோ வீட்டுக்காரி நியாயம் என்று நினைத்துவிடாதீர்கள். 13-ம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் துறவியாகப் போனபோது குடும்பமே ஆள் வைத்துப் பிடித்துக் கோட்டையில் ஏறக்குறைய ஒரு வருடம் அடைத்து வைத்தது, அதில் அவருடைய அம்மாவுக்கும் பங்கு உண்டு. பெற்றவர்கள் மேல் கசப்பு வர அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவரேதான் பிற்பாடு, நாம் இல்லாமல் பெற்றோருக்கு ஆதரவு இல்லை என்றால் அவர்களை விட்டுத் துறவு மடத்துக்குப் போகக்கூடாது என்று எழுதினார்.

அப்புறம் பழைய திருச்சபையின் பெரிய ஆசிரியர் அகஸ்டின். நண்பனை வழியனுப்பப் போகிறேன் என்று கார்த்தேஜ் துறைமுகத்தில் அம்மா மோனிக்காவிடம் பொய் சொல்லிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக ரோமுக்குக் கப்பல் ஏறியவர். அந்த அம்மா விடவில்லை, கடல் தாண்டிப் பின்னாலேயே வந்தார். 387-ல் ஓஸ்தியாவில் மோனிக்கா இறந்தபோது, விசுவாசி அழலாமா என்று கண்ணீரை அடக்கிக்கொண்டு, துக்கம் குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் குளிக்கப் போனார். குளித்துவிட்டு வந்தும் துக்கம் அப்படியே இருந்தது. கடைசியில் படுக்கையில் தனியாக அழுதார். எனக்குப் பிடித்த அகஸ்டின் அந்தக் குளியலறையில் நின்றவர்தான்.

நான் என் மாமியாரை நாலு வருடம் பார்த்தேன். கடைசி ஒரு வருடம் என்னைத் தன் பள்ளிக்கூட டீச்சர் என்று நினைத்து, பாட்டுப் பாடிக் காட்டட்டுமா என்று கேட்பார். முதல் மாதம் "நான் உங்க மருமக" என்று திருத்திக்கொண்டே இருந்தேன், அவர் மிரண்டு போனதுதான் மிச்சம். பிறகு டீச்சராகவே இருந்துவிட்டேன். என் கணவரோ வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு ஆபீஸுக்குப் போய்விடுவார், பார்க்க மனசு தாங்கவில்லையாம். எனக்கு மட்டும் மனசு இரும்பிலா செய்தது? அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. உங்கள் வீட்டிலும் ஒருத்தி அதே கோபத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறாள். "மனைவி பார்த்துக்கொள்கிறாள்" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! பெற்றது உங்களை ஐயா, அவரை இல்லை. முதல் கடன் உங்களுடையது.

நாளையிலிருந்து அந்த இரண்டு மணி நேரத்தில் ஒன்றை அம்மாவுக்குக் கொடுங்கள். நனைந்த துணியை மாற்றுங்கள், தலை சீவிவிடுங்கள், அந்த நேரம் உங்கள் மனைவி தூங்கட்டும். கூச்சமாக இருக்கும், ஒரு வாரத்தில் போய்விடும். நான் உங்கள் மகன் என்று அம்மாவிடம் வாதாடாதீர்கள். இன்று ராத்திரி "சாப்பிட்டீங்களா" என்று கேட்டால், இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு, தட்டை அந்த அறைக்கே எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.