சர்வர் கேள்வி-பதில்: சராசரியை நம்பாதீர்கள்

கேள்வி: லோடு ஆவரேஜ் 6 காட்டுகிறது, ஆபத்தா?

லோடு ஆவரேஜ் என்பது ஓடிக்கொண்டும் முறைக்காகக் காத்துக்கொண்டும் இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை. சிபியுவில் எத்தனை கோர் என்று எழுதவில்லையே. 8 கோர் என்றால் நிம்மதியாக இருங்கள், 2 கோர் என்றால் வேலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. லினக்ஸில் டிஸ்க்குக்காகக் காத்துக்கிடக்கும் ப்ராசஸும் இந்தக் கணக்கில் சேரும். அதனால் லோடு ஏறியும் சிபியு சும்மா இருந்தால் டிஸ்க்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஃப்ரீ மெமரி 200 எம்பிதான் இருக்கிறது. ரேம் கூட்டலாமா?

வேண்டாம். 'அவைலபிள்' என்ற எண்ணைப் பாருங்கள். மீதி மெமரியை லினக்ஸ் ஃபைல் கேஷுக்கு (படித்த ஃபைல்களைக் கைவசம் வைத்திருக்க) எடுத்திருக்கும், கேட்டால் திருப்பித் தந்துவிடும்.

கேள்வி: சைட் ஸ்லோவாக இருக்கிறது, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகி மறுபடி ஸ்லோவாகிறது. என்ன செய்வது?

எந்தப் பக்கம், எந்த நேரம், எப்போதிலிருந்து, எதுவுமே இல்லாமல் என்ன பதில் சொல்வது? அடுத்த முறை ரீஸ்டார்ட் செய்யும் முன் டாப் கமாண்டு (எந்த ப்ராசஸ் எவ்வளவு சிபியு, மெமரி எடுக்கிறது என்பது) காட்டுவதை ஒரு ஃபைலில் பிடித்து வைத்துவிட்டு அப்புறம் எழுதுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் தடயம் போய்விடும்.

கேள்வி: சராசரி ரெஸ்பான்ஸ் டைம் 300 மில்லிசெகண்டுக்குள்தான். ஆனாலும் புகார் வருகிறதே?

வரத்தான் செய்யும். 100 ரிக்வெஸ்டில் 90 பேருக்கு 100 மில்லிசெகண்டில் பதில் போகிறது, 10 பேர் 2 செகண்ட் காத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். சராசரி 290. அந்த எண்ணை அனுபவித்தவர் ஒருவர்கூட இல்லை, ஆனால் டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரிகிறது! எத்தனை வருடமாகச் சொல்கிறேன், 95, 99-வது பர்சென்டைலைப் பாருங்கள் என்று, அதாவது நூற்றில் 95 அல்லது 99 ரிக்வெஸ்ட் எத்தனை நேரத்துக்குள் முடிகிறது என்பதை. ஒரு பக்கம் திறக்க 20 ரிக்வெஸ்ட் போகிறது, அதில் நூற்றுக்கு ஒன்றுதான் தாமதம் என்றாலும், பக்கத்தைத் திறக்கும் நூறு பேரில் சுமார் 18 பேர் அதில் மாட்டுவார்கள். இன்னொரு தப்பும் நடக்கிறது, நாலு சர்வரின் பர்சென்டைலைக் கூட்டி நாலால் வகுக்கிறார்கள். அப்படி வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் லாகில் மொத்த நேரம், பின்னால் இருக்கும் ஆப் எடுத்த நேரம் இரண்டையும் சேருங்கள், தானாக வராது. இரண்டும் ஏறினால் ஆப் அல்லது டேட்டாபேஸ், முதலாவது மட்டும் ஏறினால் பெரும்பாலும் சைட்டைப் பார்ப்பவர் பக்கத்து நெட்வொர்க்.

கேள்வி: மானிட்டரிங்கை அதே சர்வரில் ஓட்டலாமா?

கூடாது. அந்த சர்வர் விழுந்தால் உங்களுக்கு அலர்ட் அனுப்புவது யார்?

கேள்வி: 20 ஜிபி லாகை அழித்தும் டிஸ்கில் இடம் வரவில்லை. ரீஸ்டார்ட் செய்யட்டுமா?

மறுபடியும் ரீஸ்டார்ட்டா! என்ஜின்எக்ஸ் அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. லாகை மறுபடி திறக்கச் சொல்லி யுஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பினால் போதும், இடம் உடனே வந்துவிடும். அப்படியே, பழைய லாகை அவ்வப்போது ஒதுக்கி அழிக்கும் லாக்ரொடேட்டும் போட்டுவிடுங்கள்.