கிறிஸ்தவர் சொத்து வைத்திருப்பது தவறா?

வீடு, நகை, வங்கியில் நாலு காசு இருந்தால் கடவுளைப் பின்னுக்குத் தள்ளியதாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. வேதாகமத்தில் மாற்கு 10-இல் ஒரு பணக்காரன் வருகிறான். எல்லாவற்றையும் விற்று ஏழைகளுக்குக் கொடு என்று இயேசு சொன்னதும் அவன் துக்கத்தோடு போய்விட்டான். சொத்து அவனுக்கு எஜமானாகியிருந்தது. ஆனால் லூக்கா 19-இல் வரும், எரிகோ ஊர்க்காரனான சகேயுவைப் பாருங்கள். வரி வசூல் தலைவன். பாதிச் சொத்து ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நாலு மடங்காகத் திரும்பும் என்கிறான். இயேசு இன்னும் கொடு என்று கேட்கவில்லை. இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார். யாரும் கேட்காமலே அந்தக் கை திறந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

சரி, நடைமுறையில்? அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் (1 கொரிந்தியர் 16:2) சொன்னபடி, வரவுக்குத் தக்கதைக் கொடுப்பதற்கென்று முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். அப்புறம் வீட்டுச் செலவுக்குக் கணக்குப் போடுங்கள்.