முகம் விற்றதா, எழுத்து விற்றதா?

கேள்வி: டிவியில் முகம் தெரிந்தவர் புத்தகம் போட்டால் அந்த முகத்துக்காகத்தானே விற்கிறது? நடிப்பை விட்டுவிட்டு நிஜமாகவே எழுத்தாளரான ஒருவரையாவது உங்களால் காட்ட முடியுமா?
— வாசகர், கரூர்

பதில்: முகத்துக்காக விற்கும் புத்தகங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒருவரையாவது என்று கேட்டுவிட்டீர்கள். சரி, அமெரிக்க நடிகர் டாம் ட்ரையனை எடுத்துக்கொள்ளுங்கள்.

1926இல் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்துவிட்டு யேல் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1958 முதல் 1961 வரை டிஸ்னியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ‘டெக்சஸ் ஜான் ஸ்லாட்டர்’ என்ற கௌபாய் நாயகனாக வந்தார். நெடுநெடுவென்ற உயரம், களையான முகம், வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். அடுத்து 1963இல் ஆட்டோ ப்ரெமிங்கர் இயக்கிய ‘தி கார்டினல்’ படத்தில் கதாநாயகன். அந்த நடிப்புக்காகக் கோல்டன் குளோப் பரிந்துரைகூட வந்தது. ஆனால் அந்தப் படப்பிடிப்பில் ப்ரெமிங்கர் எல்லோர் முன்னிலையிலும் கத்தி, அவமானப்படுத்தி அவரை நொறுக்கிவிட்டார். அந்தக் காயம் கடைசிவரை ஆறவில்லை. பிறகு ஒன்றிரண்டு படங்கள், டிவி தொடர்களில் அவ்வப்போது வந்துபோகும் வேடங்கள், அவ்வளவுதான். அதாவது, நீங்கள் சொல்லும் அந்த முகத்தின் மவுசு குறைந்துகொண்டிருந்த காலத்தில்தான் மனுஷன் எழுத உட்கார்ந்தார்.

முதல் நாவல் ‘தி அதர்’ 1971இல் வந்தது. க்னாஃப் பதிப்பகம் வெளியிட்டது. நடிகரின் பெயரை வைத்துக் காசு பார்க்க நினைத்திருந்தால் அட்டையில் ‘டாம்’ என்றே போட்டிருக்கலாம், திரையில் அவர் பெயர் அதுதான். புத்தகத்தில் போட்டதோ ‘தாமஸ் ட்ரையன்’. அது லட்சக்கணக்கில் விற்றது, மாதக்கணக்கில் விற்பனைப் பட்டியலில் நின்றது. சினிமா ரகசியம் எதுவும் அதில் கிடையாது. 1935ஆம் வருடக் கோடையில், கனெக்டிகட் பக்கத்துப் பண்ணை வீடு ஒன்றில் வளரும் இரட்டைச் சிறுவர்களைப் பற்றிய கதை, படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்கும். அதில் ரஷ்யாவிலிருந்து வந்த பாட்டி ஒருத்தி பேரனுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள்: ஒரு பறவையையோ பூவையோ உற்றுப் பார்த்து, பார்த்து, கடைசியில் அதற்குள்ளேயே புகுந்துவிடுவது. ஒரு நல்ல நடிகன் பழகுவதும் இதைத்தானே? அந்தப் பழக்கம் ஒரு சிறுவனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பயமில்லாமல் எழுதினார் பாருங்கள், அங்கேதான் அவரை நான் எழுத்தாளர் என்கிறேன். பல வருஷம் அடுத்தவர் எழுதிய வசனத்தைப் பேசியவருக்கு, ஒரு மனுஷன் இன்னொருவனாக மாறும்போது உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாமலா இருக்கும்!

அடுத்த வருடமே அது படமானது. திரைக்கதையை அவரே எழுதியும் படம் அவருக்குத் திருப்தி தரவில்லை. திரும்பவும் நடிக்கப் போகாமல் எழுதிக்கொண்டே இருந்தார். 1973இல் ‘ஹார்வெஸ்ட் ஹோம்’, அப்புறம் ‘லேடி’, 1976இல் ஹாலிவுட் நட்சத்திரங்களைப் பற்றிய ‘கிரவுண்ட் ஹெட்ஸ்’. அந்த ‘கிரவுண்ட் ஹெட்ஸ்’ புத்தகத்தில் இருந்த ‘ஃபெடோரா’ கதையை பில்லி வைல்டர் படமாக எடுத்தார். 1991இல் இறக்கும்வரை ட்ரையனுக்கு எழுத்துதான் வேலை.

நடிகர் என்று தெரிந்த உடனே புத்தகத்தைத் திறக்காமலே தீர்ப்பு எழுதுகிறோமே, அதுதான் எனக்கு வருத்தம். வாங்கியவர்களில் சிலர் முகத்துக்காக வாங்கியிருக்கட்டும். இருநூறாவது பக்கத்தில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருப்பதற்கு எந்த முகமும் காரணமாக இருக்க முடியாது. ‘தி அதர்’ கிடைத்தால் படியுங்கள். படத்தை முதலில் பார்த்துவிடாதீர்கள், கதையின் திருப்பம் தெரிந்துபோகும். படித்துவிட்டு எழுதுங்கள், உங்கள் கடிதத்தை இதே பக்கத்தில் போடுகிறேன்.