மாராவில் கண்ணை எங்கே வைப்பது? – கேள்வி பதில்

காட்டு விலங்குகளைப் பார்க்கக் கென்யாவின் மசாய் மாரா காப்பகத்துக்கும் அதை ஒட்டிய தான்சானியாவின் செரங்கெட்டி பூங்காவுக்கும் பலமுறை போய் வந்திருக்கிறேன். முதல் முறை கிளம்புகிறவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

அக்கா, ஆகஸ்டில் மாரா போகிறோம், மூன்றே நாள். டிரைவர் காட்டுவதைப் பார்த்தால் போதுமா, நாமும் தேட வேண்டுமா?

கட்டாயம் தேடுங்கள். ஆனால் சிங்கத்தைத் தேடாதீர்கள், சிங்கத்தைப் பார்த்துவிட்டவர்களைத் தேடுங்கள். மேய்ந்துகொண்டிருந்த இம்பாலா மான்கள் சட்டென்று தலை தூக்கி ஒரே பக்கம் பார்த்தால், அந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கிக்கு அவ்வளவு உயரத்திலிருந்து நமக்குத் தெரியாததெல்லாம் தெரியும். அது அசைபோடுவதை நிறுத்திவிட்டு ஒரு புதரையே உற்றுப் பார்த்தால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒரு மதியம் அப்படித்தான் மூன்று ஒட்டகச்சிவிங்கிகள் நின்றன. எங்களைத் தாண்டி இரண்டு வண்டிகள் போயின. எங்கள் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் கழித்துப் புல்லுக்கு மேலே இரண்டு கறுப்புப் புள்ளிகள் அசைந்தன. சிங்கத்தின் காதுக்குப் பின்புறம் கறுப்பு. அப்புறம் அந்தத் தாய் எழுந்து நடந்தது, பின்னாலேயே குட்டிகள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கும்.

வானத்தையும் பாருங்கள். பிணந்தின்னிக் கழுகுகள் உயரத்தில் வட்டமடித்தால் அவையும் தேடிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். ஒன்றன்பின் ஒன்றாகக் காலைத் தொங்கவிட்டு இறங்கினால் இரை கிடைத்துவிட்டது. இறங்காமல் மரத்தில் வரிசையாகக் காத்திருந்தால் இன்னும் நல்லது: இரையின் மேல் சிங்கமோ கழுதைப்புலியோ உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

காதுக்கும் வேலை உண்டு. அங்குள்ள வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு சத்தம், கழுகுக்கு ஒரு சத்தம், பாம்புக்கு ஒரு சத்தம் என்று தனித்தனியாகக் கத்தும். கென்யாவின் அம்போசெலியில் செய்து 1980இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. சிறுத்தைச் சத்தம் கேட்டால் மற்ற குரங்குகள் மரமேறும், கழுகுச் சத்தத்துக்கு அண்ணாந்து பார்க்கும், பாம்புச் சத்தத்துக்கு எழுந்து நின்று புல்லைப் பார்க்கும். குரங்குகள் என்ன செய்கின்றன என்று கவனித்தாலே போதும்.

மேடம், லெப்பர்டும் சீட்டாவும் எனக்கு ஒரே மாதிரி தெரிகின்றன. எது எது?

தமிழில் நாம் இரண்டையும் சிறுத்தை என்றே சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. லெப்பர்ட்தான் சிறுத்தை, சீட்டா சிவிங்கிப்புலி. சிவிங்கிப்புலியின் கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர்த் தடம் போல ஒரு கறுப்புக் கோடு இறங்கும். உடம்பில் பொட்டு வைத்த மாதிரி முழுப் புள்ளிகள். சிறுத்தைக்கு வளைய வளையமாக இருக்கும்.

தேடும் இடமும் வேறு. சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடும், திறந்த வெளியில் கரையான் புற்றின் மேல் ஏறி நின்று நோட்டம் பார்க்கும். அதனால் புற்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போங்கள். சிறுத்தைக்கு ஆற்றோர மரங்கள். இலைக்குள் உடம்பைத் தேடினால் கிடைக்காது. படுக்கையாக நீளும் கிளைக்குக் கீழே நேராகத் தொங்கும் ஒன்றைத் தேடுங்கள், அது வாலாகவோ காலாகவோ இருக்கும்.

என் மகன் (7 வயது) கேட்கிறான்: புலி எங்கே இருக்கும்?

ஆப்பிரிக்கக் காட்டில் புலி கிடையாது கண்ணா. புலி நம் முதுமலையில் இருக்கிறது.

வில்டபீஸ்ட் ஆறு கடப்பதைக் கட்டாயம் பார்க்க முடியுமா?

உறுதி சொல்ல முடியாது. வில்டபீஸ்ட் என்பது மாடு போன்ற உடம்புள்ள பெரிய மான், மேய்ச்சல் தேடிப் பெருங்கூட்டமாக இடம் மாறும். மாரா ஆற்றைப் பொதுவாக ஜூலை முதல் அக்டோபர் வரை கடக்கும். கரையில் ஆயிரக்கணக்கில் கூடும், முதல் வரிசை தண்ணீர் வரை இறங்கும், ஒரு வரிக்குதிரை மிரண்டால் மொத்தக் கூட்டமும் திரும்பிவிடும். மூன்று நாளில் ஒரு நாளை ஆற்றுக்கென்றே ஒதுக்குங்கள், மதியச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் போகிறவர்கள் மாராவை விட்டுவிட்டுத் தெற்கு செரங்கெட்டியின் டுட்டு பக்கம் போகலாம். குட்டி போடும் காலம் அது. பிறந்த சில நிமிடங்களில் குட்டி எழுந்து ஓடும். எனக்கு ஆறு கடப்பதைவிட அதுதான் பிடிக்கும்.

பைனாகுலர் எது வாங்கலாம்?

8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ. அகலம். ஆளுக்கு ஒன்று இருந்தால் நல்லது. ஒன்றையே கைமாற்றினால் உங்கள் முறை வருவதற்குள் விலங்கு போய்விடும்.

காண்டாமிருகம் பார்க்க ஆசை, மாராவில் கிடைக்குமா?

மாராவில் கறுப்புக் காண்டாமிருகம் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு, பெரும்பாலும் புதருக்குள்தான் நிற்கும். கென்யாவிலேயே உள்ள நகுரு ஏரிப் பூங்காவில் ஒரு நாள் தங்குங்கள், அங்கே வெள்ளையும் கறுப்பும் இரண்டும் உண்டு. வாய் அகன்று, தலையைத் தாழ்த்திப் புல் மேய்ந்தால் வெள்ளை. மேலுதடு கூராக இருந்து, புதரில் இலை பறித்தால் கறுப்பு. புதரிலிருந்து ஆக்ஸ்பெக்கர் பறவை கத்திக்கொண்டு கிளம்பினால் அங்கே கண் வையுங்கள். காண்டாமிருகத்தின் மேல் உண்ணி பொறுக்கும் பறவை அது. சுவாஹிலியில் அதற்குக் ‘காண்டாமிருகத்தின் காவலாள்’ என்று பெயர்.

போன வருடம் போனோம் அக்கா. டிரைவர் ரேடியோவில் யாரோ சொன்னதும் பறந்தார். போய்ப் பார்த்தால் ஒரு சிவிங்கிப்புலியைச் சுற்றி இருபது வண்டி. எங்களுக்கே சங்கடமாகிவிட்டது. இந்த முறை என்ன செய்யலாம்?

உங்களுக்குச் சங்கடமானதே எனக்கு ஆறுதல். மாராவில் வண்டிகள் அதிகம் மொய்க்கும் பகுதிகளில் சிவிங்கிப்புலிக் குட்டிகள் மிகக் குறைவாகவே வளர்ந்து ஆளாகின்றன என்று 2018இல் வந்த ஆய்வு சொல்கிறது. நாம் சூழ்ந்து நின்றால் தாய் வேட்டையை விட்டுவிடும், குட்டிகளுக்குப் பசி.

முதல் நாள் காலை கிளம்பும் முன்பே டிரைவரிடம் பேசிவிடுங்கள். நமக்கு எல்லா விலங்கும் வேண்டாம், கூட்டமுள்ள இடத்துக்குப் போக வேண்டாம், எங்கேயாவது நிறுத்திக் காத்திருந்தால் போதும் என்று சொல்லுங்கள். பல டிரைவர்கள் நாம் திட்டுவோமோ என்ற பயத்தில்தான் ஓட்டுகிறார்கள். சொல்லிவிட்டால் அவர்கள் முகமே மலர்ந்துவிடும், தெரிந்ததையெல்லாம் காட்டுவார்கள். முடிந்தால் காப்பகத்தை ஒட்டியுள்ள, மசாய் மக்களின் நிலத்தில் நடக்கும் கன்சர்வன்சி எனும் தனி விலங்குக் காப்பிடம் ஒன்றில் தங்குங்கள். செலவு கூடும், ஆனால் வண்டிகள் குறைவு.

அப்புறம் சுவாஹிலியில் இரண்டு சொல் பழகிக்கொள்ளுங்கள். ‘சிமாமா’ என்றால் நிறுத்து. ‘போலே போலே’ என்றால் மெதுவாக, மெதுவாக.