14ஆம் மாதத்தில் கோடு விழுந்த திரை

இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் படிக்க வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "649 பவுண்டு கொடுத்து இங்கேயே கடையில் வாங்கிய லேப்டாப். 14 மாதம் ஆகிறது. கீழே போடவில்லை, தண்ணீரும் படவில்லை. போன வாரம் திரையில் செங்குத்தாகக் கோடுகள் வந்தன. இப்போது பாதித் திரை கறுப்பு. கடையில் கேட்டால், வாரண்டி ஓராண்டுதான், கம்பெனியிடம் பேசுங்கள் என்கிறார்கள். கம்பெனி 290 பவுண்டு கேட்கிறது. பேசாமல் புதிது வாங்கிவிடலாமா அண்ணா?"

வேண்டாம் தம்பி, கொஞ்சம் பொறுங்கள். எனக்கும் இது நடந்திருக்கிறது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். வீட்டில் டிவி இருந்தால் ஓர் எச்டிஎம்ஐ கேபிளைப் போட்டு லேப்டாப்பை அதில் இணையுங்கள். டிவியில் படம் சுத்தமாக வந்தால் கிராஃபிக்ஸ் சிப் அநேகமாக நன்றாக இருக்கிறது. சிக்கல் ஸ்க்ரீன் பேனலிலோ அதற்குப் போகும் கேபிளிலோ இருக்கும். டிவியிலும் கோடு விழுந்தால் விவகாரம் மதர்போர்டு பக்கம் போகிறது, செலவும் கூடும். அடுத்து, லேப்டாப்பை அணைத்து, திரும்பப் போடும்போது, விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் பயாஸ் எனும் அமைப்புப் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கேயும் கோடு இருந்தால் விண்டோஸையோ திரையை இயக்கும் டிரைவர் மென்பொருளையோ குறை சொல்ல முடியாது. மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தும் பாருங்கள். கோணம் மாற மாறக் கோடு வந்து போனால், கீல் வழியாகப் போகும் கேபிள் நைந்திருக்க வாய்ப்பு அதிகம். டெல் லேப்டாப்பாக இருந்தால் டி விசையை அழுத்தியபடியே பவர் பட்டனை அழுத்துங்கள். திரை ஒவ்வொரு நிறமாகக் காட்டித் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். திரையில் எங்கும் விரிசல் இல்லை என்பதும் நாலு மூலையும் தெரிகிற மாதிரி அதில் வர வேண்டும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: யூடியூப் பார்த்து நீங்களே ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம். அப்புறம் கடைக்காரர் பழியை உங்கள் தலையில் போட்டுவிடுவார்.

சரி, இப்போது வாரண்டிக்கு வருவோம். ஓராண்டு வாரண்டி என்பது தயாரிப்பாளர் தானாகத் தரும் வாக்குறுதி. சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் உரிமை வேறு. 2015 அக்டோபர் 1 முதல் இங்கே நுகர்வோர் உரிமைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. விற்ற பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அது. நியாயமான காலம் உழைப்பதும் அந்தத் தரத்தில் அடக்கம். இதற்குப் பொறுப்பு உங்களுக்கு விற்ற கடைதான், தயாரித்த கம்பெனி இல்லை. "கம்பெனியிடம் பேசுங்கள்" என்று கவுண்டரில் சொல்வதைக் கேட்டு முக்கால்வாசிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். நானும் ஒரு தடவை திரும்பியவன்தான்.

காலக்கணக்கு இப்படி: வாங்கிய 30 நாளுக்குள் கோளாறு தெரிந்தால் பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கலாம். 6 மாதத்துக்குள் தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்த குறை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் வேலை. 6 மாதம் தாண்டினால் அந்த வேலை நம் தலையில் விழுகிறது. உங்கள் 14 மாதம் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. இங்கிலாந்தில் இப்படிக் கேட்டு வழக்குப் போட 6 ஆண்டு வரை அவகாசம் உண்டு, ஸ்காட்லாந்தில் 5 ஆண்டு. லேப்டாப் 6 ஆண்டு உழைத்தே தீர வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எவ்வளவு காலம் உழைத்திருக்க வேண்டும் என்பதை விலையையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். 200 பவுண்டு லேப்டாப்புக்கு ஒரு நியாயம், 1,200 பவுண்டு லேப்டாப்புக்கு ஒரு நியாயம். ஆனால் 649 பவுண்டு கொடுத்து வாங்கியது, அடிபடாமல், 14 மாதத்தில் பாதித் திரையை இழப்பது நியாயமா என்று யாரைக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

என் கதையைச் சொன்னால் புரியும். 2018இல் ஒரு பெரிய கடையில் வாங்கினேன். 19ஆம் மாதம் திரை மினுக்க ஆரம்பித்தது. ஊர்ப் பழக்கத்தில் நேரே கடைக்குப் போய்ப் பேசினேன். ஊரில் என்றால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரே முதலாளியாக இருப்பார். பேசினால் ஏதாவது வழி பிறக்கும். இங்கே கவுண்டரில் நிற்கும் பையனுக்கு ஓர் அதிகாரமும் கிடையாது. கணினியில் தேதியைப் பார்த்தார், தலையை ஆட்டினார், முடிந்தது. அவரிடம் குரலை உயர்த்தி என்ன பயன்? ஒரு மாதம் டிவியில் இணைத்தே காலத்தை ஓட்டினேன். பிறகு அலுவலகத்தில் ஒருவர் கேட்டார்: "எழுத்தில் கேட்டாயா?"

கேட்கவில்லை. அப்போதுதான் எழுதினேன். அதற்கு முன்னால் பக்கத்துத் தெருவில் ரிப்பேர் கடை வைத்திருப்பவரிடம் காட்டி, 35 பவுண்டு கொடுத்து ஒரு பக்க ரிப்போர்ட் வாங்கினேன். கீல் அருகே கேபிள் நைந்திருக்கிறது, அடிபட்ட தடயமோ ஈரத் தடயமோ இல்லை, கேபிள் போகும் பாதை இறுக்கமாக இருப்பதே காரணம் என்று எழுதித் தந்தார். முதல் கடிதத்துக்கு "வருந்துகிறோம், வாரண்டி முடிந்துவிட்டது" என்ற வழக்கமான பதில் வந்தது. இரண்டாவது கடிதத்தில் சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு, 14 நாளில் தீர்வு வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போவேன் என்று எழுதினேன். ஒன்பதாம் நாள் போன் வந்தது. இலவசமாகச் சரிசெய்து கொடுத்தார்கள், ரிப்போர்ட்டுக்குக் கொடுத்த 35 பவுண்டும் வந்தது. புது லேப்டாப் கிடைக்கும் என்று மனசுக்குள் ஓர் ஆசை இருந்தது உண்மை. கிடைக்கவில்லை. சட்டப்படி முதலில் சரிசெய்யவோ மாற்றிக் கொடுக்கவோ கடைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அது பலிக்காவிட்டால்தான் விலையில் ஒரு பகுதியையோ பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தையோ கேட்கலாம். அப்போதும் இத்தனை மாதம் பயன்படுத்தியதற்கு ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளலாம்.

நீங்களும் இப்படி ஒரு ரிப்போர்ட் வாங்குங்கள், அதில் காரணம் தெளிவாக வர வேண்டும். 'திரை பழுது' என்று மட்டும் எழுதித் தந்தால் அந்தக் காகிதத்தால் பயனில்லை. உங்கள் மாடலின் பெயரோடு கோளாறையும் சேர்த்து இணையத்தில் தேடியும் பாருங்கள். நிறையப் பேருக்கு அதே கோளாறு வந்திருந்தால் உங்கள் வாதத்துக்கு வலு. சில சமயம் கம்பெனியே ஒப்புக்கொண்டிருக்கும்: 2016 மாடல் 13 அங்குல மேக்புக் ப்ரோவில் பின்னொளிக் கோளாறு பரவலாக வந்தபோது, 2019 மே மாதம் ஆப்பிளே இலவசமாகச் சரிசெய்யும் திட்டத்தை அறிவித்தது. அந்த மாதிரித் திட்டங்களுக்கு வாரண்டி முடிந்ததெல்லாம் கணக்கில்லை.

கிரெடிட் கார்டில் வாங்கினீர்களா? அப்படியானால் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு, கடைக்கு இருக்கும் அதே பொறுப்பு கார்டு கொடுத்த வங்கிக்கும் உண்டு. கடை கைவிரித்தால் அதே ரிப்போர்ட்டை வங்கிக்கு அனுப்பலாம். வங்கியும் 8 வாரத்தில் முடித்துத் தராவிட்டால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் நிதி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், செலவில்லை. புதிதாக வந்தவர்களிடம் பெரும்பாலும் டெபிட் கார்டுதான் இருக்கும் என்பது தெரியும். அதற்கு, கடைக்குப் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் என்று ஒன்று உண்டு, ஆனால் அதன் கெடு பொதுவாக 120 நாள். உங்களுக்கு அது அநேகமாகத் தாண்டியிருக்கும்.

நீதிமன்றம் என்றதும் பயப்படாதீர்கள். 10,000 பவுண்டு வரையிலான தொகைக்கு ஆன்லைனிலேயே மனுப் போடலாம், வக்கீல் தேவையில்லை. தொகைக்கேற்ற கட்டணம் மட்டும் உண்டு. புகார் கொடுத்தால் விசாவில் கறுப்புப் புள்ளி விழுமோ என்று வந்த புதிதில் நான் பயந்திருக்கிறேன். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கடிதம் எழுதத் தடுமாறினால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்பில் இலவசமாக வழி சொல்வார்கள்.

இதைப் படிக்கும் வேறு சிலர் லேப்டாப்பை ஊரிலிருந்து கொண்டுவந்திருப்பீர்கள். விற்ற கடை இங்கே இல்லை, அதனால் இந்தச் சட்டம் உங்களுக்கு உதவாது. கையிலிருந்து விழுந்து உடைந்ததற்கும் உதவாது. தங்கும் விடுதிக் காப்பீட்டில் விபத்துச் சேதம் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் தனியார் ரிப்பேர் கடைதான் வழி. கம்பெனி கேட்கும் தொகையில் மலைக்க வேண்டாம். போன வருடம் என் மகளின் சாதாரண 15.6 அங்குலத் திரைக்குப் பேனல் 52 பவுண்டு, கூலி 45. பேனல் வாங்கும்போது லேப்டாப்பின் மாடல் எண் போதாது. பேனலின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். ஒரே மாடலுக்குள்ளேயே 30 முள், 40 முள் என இணைப்பு மாறும். டச் ஸ்க்ரீன் என்றால் கண்ணாடியோடு ஒட்டி வரும், விலை எகிறும். அப்போது புதிது வாங்குவது பற்றி யோசிக்கலாம். பல ஊர்களில் ரிப்பேர் கஃபே நடக்கிறது, தன்னார்வலர்கள் கோளாறு என்ன என்று பார்த்துச் சொல்வார்கள்.

அசைன்மென்ட் எழுத வேண்டுமே என்று கேட்பீர்கள். அதுவரை டிவியில் இணைத்து ஓட்டுங்கள், அல்லது பல்கலைக்கழக நூலகத்தில் இரவல் லேப்டாப் கிடைக்குமா என்று கேளுங்கள். பல இடங்களில் தருகிறார்கள். இன்று ராத்திரியே பழைய மெயில்களில் ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள். கிடைக்காவிட்டால் வங்கிக் கணக்கு அறிக்கையும் போதும். கடிதத்தை எழுதியதும் கடைக்கு அனுப்பும் முன் எனக்குக் காட்டுங்கள் தம்பி, பார்த்துத் தருகிறேன்.