கணினிக் கேள்வி-பதில்: சம்பளக் கணக்கு ஏன் இழுக்கிறது?

கேள்வி: எங்கள் தோட்ட அலுவலகத்தில் அறுவடைப் பதிவும் சம்பளக் கணக்கும் ஒரே மைஎஸ்கியூஎல் 8.0 தரவுத்தளத்தில் உள்ளன. தொழிலாளர்கள் சுமார் 500 பேர். ஆறு ஆண்டுகளில் அறுவடைப் பதிவுகள் ஏறத்தாழ ஒரு மில்லியனை எட்டிவிட்டன. மாத முடிவில் கிராணியார் (அலுவலக எழுத்தர்) சம்பளச் சுருக்கத்தை ஓட்டினால் 40 நிமிடம் ஆகிறது. அந்நேரத்தில் மண்டோர்கள் (மேற்பார்வையாளர்கள்) தரும் குலைக் கணக்கைப் பதிய முயன்றால் பிழைச் செய்தி வருகிறது. தேதிப் புலத்திற்கு இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் வரிசைப்பட்டியல்) அமைத்தும் பயனில்லை. மென்பொருளை விற்றவர் புதிய சர்வர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? சுருக்கத்தை எடுக்கும் வினவலை (தரவுத்தளத்திடம் விவரம் கேட்கும் கட்டளையை) இணைத்துள்ளேன்.
— தரவுத்தளப் பொறுப்பாளர், சுங்கை சிப்புட்

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் வினவல் ஒவ்வொரு தொழிலாளியாக எடுத்துக்கொண்டு, அவர் அந்த மாதம் அறுத்த குலைகளை ஓர் உள்வினவலால் கூட்டுகிறது. அந்த உள்வினவலில் தேதிப் புலம், ஆண்டையும் மாதத்தையும் பிரித்துத் தரும் 'இயர்', 'மந்த்' என்னும் சார்புகளுக்குள் வைக்கப்பட்டுள்ளது. இன்டெக்ஸ் தேதிகளைத்தான் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. சார்பு தரும் விடைகள் அதில் இல்லை. ஆகவே மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அட்டவணை முழுவதையும் படிக்கிறது: 500 பேருக்கு ஒரு மில்லியன் வரிகள் வீதம் 500 மில்லியன் வரிகள். எவ்வளவு விலை உயர்ந்த சர்வரானாலும் இந்த வீண் வேலையைச் சற்று விரைவாகச் செய்யுமே தவிர, குறைக்காது.

இதை நீங்களே உறுதிசெய்யலாம். வினவல் எப்படி ஓடும் என்று காட்டும் 'எக்ஸ்பிளெய்ன்' என்ற சொல்லை அதன் முன் இட்டு இயக்கினால், 'டைப்' என்ற நெடுவரிசையில் 'ஆல்' (முழுவதும்) என்றும் 'கீ' என்ற நெடுவரிசையில் 'நல்' (இன்டெக்ஸ் எதுவுமில்லை) என்றும் வரும். முழு அட்டவணையும் படிக்கப்படுவதற்கு அதுவே சான்று. 8.0.18 முதல் கிடைக்கும் 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' வினவலை உண்மையாகவே ஓட்டிப் பார்க்கும் என்பதால், அதை அலுவலக நேரத்தில் தொட வேண்டாம்.

பிழைச் செய்திக்கும் இதுவே வேர். படித்த விடையைச் சுருக்க அட்டவணையில் 'இன்சர்ட் செலக்ட்' கட்டளையால் எழுதும்போது, மைஎஸ்கியூஎல்லின் இயல்பான 'ரிப்பீட்டபிள் ரீட்' என்னும் தனிமை நிலையில் (ஒருவர் வேலை பிறர் வேலையோடு எவ்வளவு கலக்கலாம் என்ற அமைப்பு), அதன் சேமிப்புப் பொறியான இன்னோடிபி தான் படிக்கும் ஒவ்வொரு வரிக்கும் வரிகளின் இடைவெளிகளுக்கும் பகிர்வுப் பூட்டு (பிறர் படிக்கலாம், மாற்றவோ சேர்க்கவோ முடியாது) இடுகிறது. அட்டவணை முழுவதும் படிக்கப்படுவதால் முழுவதும் பூட்டப்படுகிறது. புதிய பதிவு அதன் வாசலில் இயல்பாக 50 நொடி காத்திருந்து 1205 என்ற எண்ணுடைய பிழையோடு திரும்புகிறது. அடுத்த முறை சுருக்கம் ஓடும்போது மைஎஸ்கியூஎல்லுடனேயே வரும் 'சிஸ்' தொகுப்பின் 'இன்னோடிபி லாக் வெயிட்ஸ்' காட்சியைத் திறந்தால், யார் யாரைத் தடுக்கிறார் என்று வரிவரியாகத் தெரியும்.

திருத்தம் எளியது. ஜூன் மாதத்திற்கு 'ஜூன் 1 அல்லது அதற்குப் பின், ஜூலை 1-க்கு முன்' என்று தேதி எல்லையாகவே நிபந்தனையை எழுதச் செய்யுங்கள். தொழிலாளர் எண் முதலாகவும் தேதி அடுத்ததாகவும் அமைந்த கூட்டு இன்டெக்ஸ் ஒன்றை உருவாக்குங்கள். இந்த வரிசை முக்கியம், ஏனெனில் உள்வினவல் ஒரு தொழிலாளியைக் குறித்த பிறகே தேதியைத் தேடுகிறது. சுருக்கம் ஓடும் இணைப்பை மட்டும் 'ரீட் கமிட்டட்' நிலைக்கு மாற்றினால், படிப்பதற்கான பூட்டுகளும் எழமாட்டா. பழைய தேதி இன்டெக்ஸை உடனே நீக்காமல், முதலில் மறைநிலைக்கு (இருந்தும் வினவல்கள் பயன்படுத்தாத நிலைக்கு) மாற்றி ஒரு மாதம் கவனியுங்கள். வேறு அறிக்கை ஏதேனும் அதை நம்பியிருக்கக்கூடும். அனைத்தையும் நகல் தரவுத்தளத்தில் சோதித்துவிட்டு, சம்பள வாரத்திற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் ஊதியம் கைக்குச் சேர வேண்டும் என்பது மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் விதி. அந்தப் பணத்தை எதிர்பார்த்துக் குடும்பங்கள் காத்திருக்கின்றன.

படித்த தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இன்னோடிபி பஃபர் பூல் இயல்பான 128 மெகாபைட்டிலேயே விடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால், இருக்கும் நினைவகமே உங்களுக்கு இன்னும் பயன்படவில்லை.

கேள்வி: கூட்டுறவுச் சங்க உறுப்பினரை அடையாள அட்டை எண்ணால் தேடுவது மெதுவாக இருக்கிறது. புலம் எழுத்து வகை, இன்டெக்ஸ் உண்டு. எண் வகைக்கு மாற்றலாமா?
— சங்க எழுத்தர், அதே ஊர்

பதில்: மாற்றாதீர்கள். அடையாள அட்டை எண் பிறந்த ஆண்டின் கடைசி இரு இலக்கங்களில் தொடங்குவதால், 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்குகிறது. எண் வகையில் அது உதிர்ந்துவிடும். உங்கள் நிரல் மேற்கோள் குறியின்றி எண்ணை அனுப்பினால், மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு வரியையும் எண்ணாக மாற்றி ஒப்பிடுகிறது, இன்டெக்ஸ் கைவிடப்படுகிறது. 12 இலக்கங்களையும் மேற்கோளுக்குள் எழுத்தாகவே அனுப்பச் செய்யுங்கள்.