அனகாபுத்தூரும் அடையாறும்

கேள்வி: அனகாபுத்தூர் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆற்றங்கரை ஆக்கிரமிப்புகளையும் அகற்றிவிட்டார்கள். இனி அந்த ஊருக்கு வெள்ள பயம் இல்லை என்று சொல்லலாம்தானே? பழைய நகராட்சியைப் பற்றிப் பேச வேறு என்ன இருக்கிறது? (வாசகர், குரோம்பேட்டை)

பதில்: சொல்ல முடியாது. பேசுவதற்கோ நிறையவே இருக்கிறது.

முதலில் வெள்ளம். சென்னையை ஒட்டி அடையாற்றங்கரையில் இருக்கும் அனகாபுத்தூரை மூழ்கடிக்கும் தண்ணீர் அனகாபுத்தூரில் பெய்த மழை அல்ல. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிவது முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக அடையாற்றில் வந்து விழுகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் திருநீர்மலைப் பக்கம் அதனோடு சேர்கிறது. இரண்டும் கலந்த பிறகுதான் ஆறு அனகாபுத்தூருக்குள் நுழைகிறது. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில் 24 மணி நேரத்துக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிடப்பட்டது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி (அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அமைப்பு) அறிக்கை அதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே குறிப்பிட்டது. கரையோர ஆக்கிரமிப்பை மட்டுமா அந்த அறிக்கை குற்றம் சொன்னது? ஏரியின் ஷட்டரை இயக்கிய விதத்தையும் சொன்னது.

அனகாபுத்தூரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் குறுக்கே பாலம் போட்டு நீட்டப்பட்டிருக்கிறது.  2015இல் அந்த விமான நிலையமே தண்ணீரில் நின்று சில நாள் மூடிக் கிடந்தது. ஆற்றை நெருக்கியவர்கள் பட்டியலை எழுதினால் முதல் வரியில் யார் வர வேண்டும்? 2025 மே மாதத்தில் புல்டோசர் போனது தாய்மூகாம்பிகை நகர் போன்ற எளியவர்களின் தெருக்களுக்கு. பல பத்தாண்டுகளாக வரியும் மின்கட்டணமும் கட்டி வாழ்ந்தவர்கள் அவர்கள். ஆறு அகலமாக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வெளியேற்றியவர்களில் ஒரு பகுதியினரை எங்கே அனுப்பினார்கள்? பெரும்பாக்கத்துக்கு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய அந்த ஊர் மழைக்கு மழை தண்ணீரில் நிற்பது குரோம்பேட்டையில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிச் சதுப்பு வெள்ளத்தில் குடிவைப்பதற்குப் பெயர் மறுவாழ்வு அல்ல.

பழைய நகராட்சியைப் பற்றிக் கேட்டீர்கள். 2011 கணக்கெடுப்பில் சுமார் 48 ஆயிரம் பேர் இருந்த சிறிய ஊர். ஆனால் பெயர் கடல் தாண்டியது. மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன கட்டம் போட்ட துணியை நெய்த ஊர்களில் இதுவும் ஒன்று. பெயர்தான் கைக்குட்டை, நைஜீரியாவில் அதை இடுப்பில் உடுத்தினார்கள், சடங்குகளில் போர்த்தினார்கள். அந்த நாடு துணி இறக்குமதிக்குத் தடை போட்டதும் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போனார்கள். எஞ்சிய நெசவாளர்கள் அதோடு முடங்கிவிடவில்லை. வாழை நாரைக் கையில் எடுத்தார்கள். பட்டையிலிருந்து உரித்த நார் தறிக்குப் போதுமான நீளம் இருக்காது. நுனியோடு நுனி வைத்து, முடிச்சு வெளியே தெரியாதபடி விரலாலேயே முடிந்து முடிந்துதான் நீளமாக்க வேண்டும். காய்ந்தால் அறுந்துவிடும் என்பதால் ஈரம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சேலைக்கு எத்தனை முடிச்சு என்று எண்ணிப் பாருங்கள். கற்றாழை, அன்னாசி, சணல், மூங்கில் என்று ஒன்றையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

இந்தத் தொழிலுக்கும் ஆற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. குழித்தறி என்பது தரையைத் தோண்டி மிதியை உள்ளே வைத்த தறி. வெள்ளம் வாசலோடு நின்றாலும் குழியில் ஊற்று கசியும். பாவு (தறியில் நீளவாட்டில் கட்டிய நூல்) நமுத்துப்போகும், மரம் உப்பும். தண்ணீர் வடிந்த பிறகும் வாரக்கணக்கில் கூலி கிடையாது. நிவாரணக் கணக்கெடுப்பில் வீடு வரும், ஃப்ரிட்ஜ் வரும். நனைந்த பாவுக்கு அந்தப் படிவத்தில் இடம் ஏது?

2021 நவம்பரில் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. உங்கள் குரோம்பேட்டையும் இப்போது அதே மாநகராட்சிதான். ஆகவே கேட்கும் உரிமை உங்களுக்கும் இருக்கிறது. செம்பரம்பாக்கத்தில் ஷட்டர் தூக்கும் முன்னால் அனகாபுத்தூர் வார்டுகளுக்கு எத்தனை மணி நேரம் முன்பாகத் தகவல் வரும்? ஆற்றின் எல்லைக்கல் ஓடுபாதைப் பக்கம் எங்கே நடப்பட்டிருக்கிறது? கழிவுநீர் லாரிகள் ஆற்றில் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் அதிகாரி யார்? இந்த மூன்றையும் எழுதி, அடுத்த மாமன்றக் கூட்டத்துக்கு முன்பாக உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள். பதில் வந்தால் எங்களுக்கும் அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.